சிவப்பணு கழற்றிய பம்பு

1850ஆம் ஆண்டு, அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த டோர்ப்பாட் நகரில், கார்ல் ஷ்மிட் என்ற வேதியியலர் காலராவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எஸ்டோனியாவின் டார்ட்டு என்று இன்று அறியப்படும் ஊர் அது. நோயாளியின் உடலிலிருந்து நீரோடு சேர்ந்து எந்த உப்பு எவ்வளவு போகிறது என்று அறிவதே அவருடைய நோக்கம். அதற்காக இரத்தத்தை அணுக்களாகவும் நீர்மமாகவும் பிரித்துத் தனித்தனியே பகுத்துப் பார்த்தார். நீர்மத்தில் சோடியம் மிகுந்திருந்தது; அணுக்களுக்குள் பொட்டாசியம் மிகுந்திருந்தது. அவருடைய மாணவர் குஸ்டாவ் புங்கேயும், பிற்பாடு பாசல் நகரில் புங்கேயின் ஆய்வகத்தில் பணியாற்றிய எமில் அப்தெர்ஹால்டனும் அந்த வேலையை விலங்குகளுக்கு நீட்டினார்கள். இரத்தத்தைச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலில் உள்ள உப்புகளை எடை போடுவது அன்றைய முறை. 1898இல் அப்தெர்ஹால்டன் வெளியிட்ட அட்டவணைகளைப் பார்த்தால், குதிரை, பன்றி, முயல் ஆகியவற்றின் சிவப்பணுக்கள் மனிதனுடையதைப் போலவே பொட்டாசியம் நிறைந்தவை. நாய், பூனை, மாடு ஆகியவற்றின் சிவப்பணுக்களிலோ சோடியமே மிகுதி. ஒரே வேலையைச் செய்யும் ஒரே வகை அணு, ஒரு விலங்கில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் அதற்கு நேர்மாறாகவும் இருக்கிறது. இதன் காரணத்தை அறியக் கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆயின.

செல்லுக்குள் நுழையும் சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதத்தைச் சோடியப் பம்பு என்கிறோம். அதன் வரலாற்றை 1957இல் தொடங்குவது பாடநூல்களின் வழக்கம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் யென்ஸ் ஸ்கூ, கடற்கரை நண்டின் கால் நரம்புகளை அரைத்து, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருந்தால் மட்டும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை முழு வேகத்தில் சிதைக்கும் நொதி ஒன்றைக் கண்டார். 40 ஆண்டுகள் கழித்து, 1997இல், வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அவருடைய பெருமையைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அங்கே தொடங்கினால் வரலாற்றின் பெரும்பகுதி விடுபட்டுப்போகிறது. பம்பு என்ற ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதற்கான வலுவான சான்றுகள் பல சிவப்பணுவிலிருந்து வந்தவை. செல் தன் பம்பை எப்படி இழக்கிறது, ஏன் இழக்கிறது என்ற கேள்வியைக் கூர்மையாகக் கேட்க வைத்ததும் சிவப்பணுதான். அந்த இழப்பு தேய்மானமல்ல, செல்லே செய்யும் களைவு என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுவந்தவை இரத்த வங்கியின் கண்ணாடிப் புட்டிகளும் செம்மறியாடுகளும் நாய்களும்.

1930கள்வரை உடலியலாரிடம் ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது: சிவப்பணுவின் சவ்வைக் கடந்து சோடியமும் பொட்டாசியமும் போகவே முடியாது. உள்ளே இருப்பது உள்ளேயே, வெளியே இருப்பது வெளியேயே என்றால் விளக்க வேண்டியது எதுவுமில்லை. 1939இல் வால்டோ கோனும் எலிசபெத் கோனும் கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு, நாயின் சிவப்பணுவுக்குள் சோடியம் நுழைவதைக் காட்டினார்கள். அதே காலத்தில் மருத்துவமனைகளிலிருந்து வேறொரு நெருக்கடி வந்தது. 1937இல் சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபேன்டஸ் இரத்த வங்கியைத் தொடங்கினார். இரத்தத்தைக் குளிரில் சேமிக்கும் தொழில் அமெரிக்கா எங்கும் பரவியது. சேமித்த இரத்தத்தில் நாளுக்கு நாள் பொட்டாசியம் அணுவிலிருந்து நீர்மத்துக்குக் கசிந்தது. நோயாளியின் இதயத்துக்கு அது ஆபத்து என்பதால் காரணம் தேடவேண்டிய கட்டாயம் வந்தது. அயோவாவில் சேமிப்பு இரத்தத்தை ஆராய்ந்த குழுவில் இருந்த ஜான் ஹாரிஸ், 1941இல் எளிமையான ஒரு சோதனையை வெளியிட்டார். குளிரில் பொட்டாசியத்தை இழந்த இரத்தத்தை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்தால், சர்க்கரை இருக்கும்வரை, அணுக்கள் இழந்த பொட்டாசியத்தை மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. வெளியே குறைவாகவும் உள்ளே மிகுதியாகவும் இருக்கும் ஒரு பொருள் தானாக உள்ளே போகாது. யாரோ உழைத்து இழுக்க வேண்டும். அந்த உழைப்புக்குச் சர்க்கரை செலவாக வேண்டும். அதே ஆண்டில் டானவ்ஸ்கியும் இதே முடிவுக்கு வந்தார். தசைச் செல்களைப் பற்றி எழுதிய ராபர்ட் டீன் 'பம்பு' என்ற கருத்தை முன்வைத்ததும் 1941இல்தான்.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 1953இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஹான்ஸ் ஷாட்ஸ்மன், குளிரில் வைத்திருந்த மனிதச் சிவப்பணுக்களைச் சூடேற்றி, இதய மருந்தான ஸ்ட்ரோபாந்தினைச் சேர்த்தார். பொட்டாசியம் உள்ளே திரும்பவில்லை, சோடியம் வெளியேறவில்லை. அணுவின் சர்க்கரைச் சிதைவோ தடைபடாமல் நடந்தது. ஆகவே அந்த மருந்து பம்பையே பிடித்து நிறுத்துகிறது என்பது தெளிவானது. நம் கோயில் நந்தவனங்களில் பூக்கும் அரளியின் நஞ்சும் இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது இதயத்தைப் பாதிப்பதும் இந்தப் பம்பைத் தடுப்பதால்தான். மறு ஆண்டு புடாபெஸ்டில் கார்டோஷ், ஹீமோகுளோபினை வெளியேற்றிய வெறும் சிவப்பணுக் கூடுகளுக்குள் ஏடிபியை இட்டு, அவை பொட்டாசியத்தைச் சேர்ப்பதைக் காட்டினார். 1957இல் ராபர்ட் போஸ்டும் ஜாலியும் கணக்கைத் தீர்த்தார்கள்: மூன்று சோடியம் வெளியே போனால் இரண்டு பொட்டாசியம் உள்ளே வருகிறது. அந்த ஆண்டில்தான் ஸ்கூவின் நண்டுக் கட்டுரையும் வந்தது. அதன் தலைப்பில் பம்பு என்ற பேச்சே இல்லை. தன் நொதிதான் பம்பு என்று தலைப்பிலேயே அறிவிக்க அவர் அப்போது தயங்கினார். 1958இல் வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் போஸ்டும் ஸ்கூவும் சந்தித்தார்கள். ஸ்ட்ரோபாந்தினின் உறவான ஓவபைன் உங்கள் நொதியைத் தடுக்கிறதா என்று போஸ்ட் கேட்டார். ஸ்கூவிடம் பதில் இல்லை. பின்னர் சோதித்தபோது தடுத்தது. 1960இல் போஸ்டின் குழு, சிவப்பணுச் சவ்வில் உள்ள நொதியும் சிவப்பணுவின் பம்பும் ஒன்றே என்று ஒவ்வொரு பண்பாக ஒப்பிட்டு நிறுவியது.

நரம்பில் இதற்குச் சமமான வேலை நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தது. 1955இல் ஹாட்ஜ்கினும் கீன்ஸும் கணவாயின் பெரிய நரம்பிழைகளில் சோடியம் வெளியேற ஆற்றல் தேவை என்று காட்டினார்கள். அந்த வேலையின் நேர்த்தி இன்றும் வியக்க வைப்பது. ஆனால் நரம்பு தன் பம்பை விடுவதில்லை. அதனால் பம்பு எப்படி வேலை செய்கிறது என்று அது கற்பிக்கும். பம்பை ஒரு செல் எப்படி வைத்துக்கொள்கிறது அல்லது கைவிடுகிறது என்பதைக் கற்பிக்காது. சிவப்பணுவின் இளமைக்காலமோ அதை நம் கண்முன் நிறுத்துகிறது.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் சிவப்பணு தன் உட்கருவை வெளியே தள்ளிய பிறகும் உடனே முழு வளர்ச்சி அடைவதில்லை. அந்த இடைநிலைக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். ஆய்வகத்தில் ஒரு துளி இரத்தத்தோடு நியூ மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலந்து, கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பிப் பார்த்தால், நூற்றில் ஒன்று என்ற அளவில் சில அணுக்களுக்குள் மட்டும் நீல நிற நூல்கள் சிக்கலாகக் கிடப்பது தெரியும். புரதம் கட்டும் ரைபோசோம்களின் மிச்சமே அந்தச் சிக்கல். மஜ்ஜையில் இரண்டு மூன்று நாளும் இரத்தத்தில் ஓரிரு நாளும் இருந்த பிறகு அது மறைகிறது. அதோடு மைட்டோகாண்ட்ரியாவும் போகின்றன. இரும்பை உள்ளே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகள் போகின்றன. சவ்வின் பரப்பே ஓரளவு சுருங்குகிறது. சோடியப் பம்பின் பெரும்பகுதியும் இந்தச் சில நாள்களில்தான் போகிறது. இதற்குப் பிறகு அணுவால் புதிய புரதம் எதையும் கட்ட முடியாது. இப்போது எத்தனை பம்புகள் மிஞ்சுகின்றனவோ அவற்றைக் கொண்டுதான், மனித அணுவானால் சுமார் 120 நாள்களை அது ஓட்டியாக வேண்டும்.

இந்த இழப்பை முதலில் தெளிவாகக் காட்டியவை செம்மறியாடுகள். 1954இல் எவன்ஸ், பிரிட்டிஷ் செம்மறி இனங்களின் இரத்தத்தை அளந்தபோது, ஒரே மந்தைக்குள்ளேயே இருவகை ஆடுகள் இருப்பதைக் கண்டார்: சிவப்பணுவில் பொட்டாசியம் மிகுந்தவை, குறைந்தவை. அது பரம்பரையாக வருவது. குறைந்த பொட்டாசியமே ஓங்கு பண்பு. 1960இல் டோஸ்டசனும் ஜோசப் ஹாஃப்மனும் இருவகை அணுக்களையும் ஒப்பிட்டு, பொட்டாசியம் மிகுந்த அணுவின் பம்பு மற்றதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக இயங்குவதைக் காட்டினார்கள். பொட்டாசியம் குறைந்த அணுவில் கசிவும் கூடுதல். பம்பும் கசிவும் சேர்ந்து செல்லின் பருமனை எப்படி நிலைநிறுத்துகின்றன என்ற கணக்கும் அந்தக் கட்டுரையில்தான் முழுவடிவம் பெற்றது. ஆனால் பொட்டாசியம் குறைந்த ஆட்டின் குட்டியும் பிறக்கும்போது பொட்டாசியம் மிகுந்த அணுக்களோடுதான் பிறக்கிறது. சில வாரங்களில் மாறிவிடுகிறது. 1966இல் லீ, வூ, டோஸ்டசன் மூவரும் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தார்கள். பொட்டாசியம் குறைந்த வளர்ந்த ஆட்டிடமிருந்து நிறைய இரத்தத்தை எடுத்து, அதன் மஜ்ஜையைப் புது அணுக்களை அவசரமாக உற்பத்தி செய்ய வைத்தார்கள். அப்படி வந்த இளம் அணுக்களில் பொட்டாசியம் மிகுந்திருந்தது. பம்பும் வலுவாக இயங்கியது. இரண்டு ஆடுகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடங்குகின்றன. வேறுபாடு, முதிரும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு களைகிறது என்பதில் இருக்கிறது. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை நண்டு நரம்பைவிட இந்த ஆட்டுச் சோதனைக்கே அருகில் இருக்கிறது.

ஆனால் களைவது எண்ணிக்கையை மட்டுமா? 1969இல் எல்லரியும் டக்கரும், பொட்டாசியம் குறைந்த அணுவின் மேலுள்ள ஓர் இரத்தவகை அடையாளத்தோடு சேரும் எதிர்ப்பொருளைக் கொடுத்தால், சோர்ந்திருந்த பம்பு வேகம் பெறுவதைக் கண்டார்கள். மிஞ்சிய பம்புகளிலும் சில அடக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது இதன் பொருள். ஆகவே முதிர்வில் நடப்பது இரண்டு: பம்புகள் குறைகின்றன, மிஞ்சுபவற்றின் குணமும் மாறுகிறது. 1970களிலும் 1980களிலும் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோடா பிளாஸ்டீன், ஆட்டு ரெட்டிகுலோசைட்டுகளைக் கொண்டு இந்த இரண்டையும் தொடர்ந்து பிரித்தறிய முயன்றார்.

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. புரதம் கட்டும் சாதனமே போய்விட்ட செல்லில் பழைய புரதங்கள் கெட்டுப்போகும், புதியவை வராது. அப்படியானால் பம்பு குறைவதில் வியப்பென்ன? வீட்டுக்கூரை பழுதாகி ஓடுகள் உதிர்வதைப் போன்றதுதானே இதுவும்? ஆனால் தேய்மானம் என்றால் எல்லாப் புரதங்களும் ஏறத்தாழச் சமமாகக் குறைய வேண்டும். அப்படி நடப்பதில்லை. கரியமில வாயுவை இரத்தம் சுமக்க உதவும், பைகார்பனேட்டுக்கும் குளோரைடுக்கும் இடையே மாற்று செய்யும் சவ்வுப் புரதம் முதிர்ந்த அணுவிலும் லட்சக்கணக்கில் நிலைக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியோ முற்றாக மறைகிறது. 1983இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஹார்டிங், ஹாய்சர், ஸ்டால் ஆகியோரும், மெக்கில்லில் பானும் ரோஸ் ஜான்ஸ்டனும் அந்த மறைவைக் கண்ணால் பார்த்தார்கள். அணு அந்த ஏற்பிகளைத் தேர்ந்தெடுத்து, நுண்ணிய குமிழிகளில் கட்டி, வெளியே தள்ளியது. ஜான்ஸ்டனின் குழு 1987இல் அவற்றுக்கு எக்சோசோம் என்று பெயரிட்டது. இன்று புற்றுநோய் ஆய்வுவரை பேசப்படும் பெயர் அது. தேய்ந்து உதிரும் பொருளை யாரும் பொட்டலம் கட்டி அனுப்புவதில்லை.

பம்பைப் பொறுத்தவரை இறுதித் தீர்ப்பை அளித்தவை நாய்கள். முதிர்ந்த நாய்ச் சிவப்பணுவில் சோடியப் பம்பு இல்லை. அப்தெர்ஹால்டனின் அட்டவணை சொன்னது இதைத்தான். 1986இல் ஜப்பானின் இனாபாவும் மாயேடாவும், நாயின் பம்புப் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருளைக் கொண்டு தேடினார்கள். ரெட்டிகுலோசைட்டில் பம்பு தெளிவாக இருந்தது. முதிர முதிர மறைந்தது. அதை மறையச் செய்தது அணுவுக்குள்ளேயே இருந்த, ஏடிபியைச் செலவிட்டுப் புரதங்களைச் சிதைக்கும் அமைப்பு. அப்படிப்பட்ட சிதைப்பு முதன்முதலில் தெளிவாகக் கண்டறியப்பட்டது 1970களில், முயல் ரெட்டிகுலோசைட்டின் சாற்றில்தான். அங்கிருந்து வளர்ந்த, சிதைக்க வேண்டிய புரதங்களுக்கு அடையாளமிடும் யுபிக்விட்டின் பற்றிய ஆய்வுக்கு 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆற்றலைச் செலவிட்டுச் செய்யும் செயலைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. இதற்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சான்றும் அதே நாட்டில் கிடைத்தது. ஜப்பானிய நாய்களில் சில, பரம்பரையாகவே தம் பம்பை முதிர்விலும் விடாமல் வைத்திருக்கின்றன. அவற்றின் சிவப்பணுவில் மனிதனைப் போலப் பொட்டாசியம் மிகுந்திருக்கிறது. மாயேடாவின் குழு 1983இல் அவற்றை விவரித்தது. களைவது கட்டுப்பாட்டின் கீழ் நடப்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு தவறவும் முடிகிறது. அந்த நாய்களின் சிவப்பணுவில் குளூட்டதயோன் என்ற பொருளும் அளவுக்கு மீறிச் சேர்கிறது. வெங்காயம் தின்றால் மற்ற நாய்களைவிட எளிதில் அவற்றின் இரத்தம் சிதைகிறது.

அப்படியென்றால் இந்தக் களைவின் பயன் என்ன? எளிய விடை ஒன்று உண்டு: மைட்டோகாண்ட்ரியா இல்லாத அணுவுக்கு ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு ஏடிபிதான் ஆதாயம், அந்த வருமானத்தில் ஆயிரக்கணக்கான பம்புகளை வைத்துக்கொள்வது வீண்செலவு. விடை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை முழுதாக ஏற்க நான் தயங்குகிறேன். சிக்கனம்தான் காரணம் என்றால், மனிதனும் குதிரையும் சில நூறு பம்புகளையாவது ஏன் மிச்சம் வைக்கின்றன? பொட்டாசியம் மிகுந்த ஆடும் குறைந்த ஆடும் ஒரே மந்தையில் நலமாக மேய்கின்றன. பம்பே இல்லாத நாயின் அணு வீங்கி வெடிப்பதில்லை. சாப்பல் ஹில்லில் ஜான் பார்க்கர் காட்டியபடி, அது கால்சியத்தை வெளியேற்றி, அந்தக் கால்சியச் சரிவைக் கொண்டு சோடியத்தை விரட்டுகிறது. சவ்வின் சமநிலைக்கு வழிகள் பல என்பதையும், எந்த வழி என்பதை ஒவ்வொரு விலங்கும் தன் முதிர்வின் அந்தச் சில நாள்களில் தீர்மானிக்கிறது என்பதையும் மட்டுமே சான்றுகள் சொல்கின்றன.

சிவப்பணு உட்கருவே இல்லாத விசித்திரமான அணு, அதிலிருந்து பொதுப்பாடம் கற்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. விசித்திரமாக இருப்பதே அதன் பயன். சாதாரணச் செல்லில் பம்புகள் லட்சக்கணக்கில் இருக்கும்; கட்டுவதும் சிதைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்; இரண்டையும் பிரிப்பது கடினம். ரெட்டிகுலோசைட்டில் கட்டுவது நின்றுகொண்டிருக்கிறது, சிதைப்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அதே நிலை இன்னொரு கதவையும் திறந்தது. கட்டும் ஆணைகளின் மிச்சம் ரெட்டிகுலோசைட்டில் கொஞ்ச நாள் தங்கியிருப்பதால், அவற்றைப் படித்து, எந்த வகைப் பம்புகளைச் செய்ய அணு எண்ணியிருந்தது என்று அறியலாம். 1997இல் ஸ்டெங்கலினும் ஹாஃப்மனும் மனித ரெட்டிகுலோசைட்டில் அதைச் செய்தார்கள். பம்பின் ஆல்ஃபா துணையலகில் ஒரே வகைதான் இருக்கும் என்று எண்ணியிருந்த இடத்தில் இரண்டுக்கான ஆணைகள் கிடைத்தன, பீட்டாவிலும் இரண்டு. 2002இல் ஹாஃப்மனின் குழு இன்னும் பின்னோக்கிச் சென்று, சிவப்பணுவின் முன்னோடிச் செல்களையும் முதிர்ந்த அணுவையும் ஒப்பிட்டது. 1960இல் ஆட்டு இரத்தத்தில் பம்பையும் கசிவையும் அளந்தவர், 40 ஆண்டுகள் கழித்தும் அதே அணுவை விடாமல் பிடித்திருந்தார். இந்தத் துறையின் வளர்ச்சியில் அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இரத்த வங்கிக்கு இது வெறும் ஏட்டறிவல்ல. இன்றும் மனிதச் சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 42 நாள்வரை சேமிக்கப்படுகின்றன. அந்தக் குளிரில் பம்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது, கசிவு நிற்பதில்லை. அதனால்தான் பச்சிளம் குழந்தைக்குப் பேரளவில் ஏற்றும்போது புதிய இரத்தத்தையோ கழுவிய அணுக்களையோ மருத்துவர்கள் தேடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஏற்றிய பிறகு, ஹாரிஸ் 1941இல் கண்டபடியே, மிஞ்சியிருக்கும் அந்தச் சில நூறு பம்புகள் உடல் வெப்பத்தில் விழித்து, இழந்த பொட்டாசியத்தைத் திரும்பச் சேர்க்கின்றன. 2022 நவம்பரில் பிரிட்டனில், கொடையாளரின் இரத்தத்திலிருந்து பிரித்த குருத்தணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்த்த சிவப்பணுக்களை முதன்முறையாக மற்றொருவருக்கு ஏற்றிய சோதனை அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்தால் வளர்த்துத் தர முடிந்தது ரெட்டிகுலோசைட் வரைதான். அதன் பிறகான முதிர்ச்சி, பெற்றுக்கொண்டவரின் உடலுக்குள் நடந்தது.